கொரியாக்காரி வீட்டுக்கும் எல்சாஸ்காரர் வீட்டுக்கும் நடுவில்

என் கணவர் என்னைப் பொறாமைக்காரி என்பார். நான் ஒருநாளும் மறுத்ததில்லை. மற்றவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்ப்பதும், பார்த்துவிட்டு வயிறு எரிவதும் என் கூடப் பிறந்த குணம். ஜெர்மனிக்கு வந்த பிறகு அது குறையும் என்று நினைத்தேன். எங்கே குறைவது? இங்கே பார்ப்பதற்கு இன்னும் நிறைய இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஐந்தாறு வருடங்கள் நான் கொலோன் நகரத்தின் ஓரத்தில், ஒரே தெருவில், இரண்டு வீடுகளைத் துப்புரவாக்கினேன். சுவரோடு சுவர் ஒட்டிய மூன்று வீடுகள் அங்கே வரிசையாக இருந்தன. இடப்பக்கம் கொரியாக்காரி, செவ்வாய்க்கிழமை அவள் வீடு. வலப்பக்கம் எல்சாஸ்காரர், வெள்ளிக்கிழமை அவர் வீடு. நடுவில் ஒரு ஜெர்மன் மூதாட்டி தனியாக இருந்தார். அவர் தன் வீட்டைத் தானே துடைத்துக்கொள்வார், அதனால் எனக்கு அங்கே வேலை இல்லை.

கொரியாக்காரி என்று நான் சொல்வேனே தவிர, அவள் பிறந்ததே இந்த நாட்டில்தான். தாய் தாதியாக வந்தவர். தகப்பன் ரூர் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். மகளோ படித்து, சொந்தமாக ஒரு மருந்துக்கடை வைத்திருந்தாள். எல்சாஸ்காரர் கதையும் கிட்டத்தட்ட அதுதான். முதலாம் உலகப் போர் முடிந்து, அதுவரை ஜெர்மனியோடு இருந்த எல்சாஸ் மாகாணம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, அவருடைய பாட்டனை ஒரு பெட்டியோடு ரைன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்களாம். பேரன் இப்போது வீடுகளுக்கு வெப்பமூட்டி பூட்டும் கொம்பனி நடத்திப் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு குடும்பமும் வேறு இடத்திலிருந்து வந்த குடும்பம். நாங்களும் வேறு இடத்திலிருந்து வந்த குடும்பம். அவர்களுடைய கழிவறையை நான் கழுவினேன் என்பதுதான் வித்தியாசம்.

துப்புரவு வேலை செய்கிறவளிடம் ஒரு வீடு எதையும் மறைக்க முடியாது. வரவேற்பறையைப் பார்த்துவிட்டு “நல்லாய் இருக்கினம்” என்று சொல்லிப் போகிறவர்கள் விருந்தாளிகள். நான் குப்பை வாளியையும் குளியலறை அலுமாரியையும் கட்டிலுக்கு அடியையும் பார்த்துச் சொல்வேன். கொரியாக்காரியின் சமையலறையில் ஒரு பெரிய குளிர்சாதனப்பெட்டி, நிலவறையில் இன்னொன்று. அந்த இரண்டாவது பெட்டி முழுக்க மிளகாய்த்தூள் போட்டு ஊறவைத்த முட்டைக்கோவா. ஊறுகாய்க்கென்று தனியாக ஒரு குளிர்சாதனப்பெட்டியாம்! எங்கள் வீட்டில் பாலுக்கும் மீனுக்கும் ஒரே பெட்டி, அதன் கதவும் சரியாகப் பூட்டாது. அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு படிக்கும் மேசை, மேசைக்கு மேலே சட்டம் போட்ட சான்றிதழ்கள். தூசி தட்டும்போது ஒவ்வொன்றையும் வாசிப்பேன். கணிதப் போட்டி, நீச்சல், வயலின். தட்டத் தட்ட எனக்குத் தலையிடி வரும்.

எல்சாஸ்காரர் வீட்டில் புதிதாக ஒன்றுமே இருக்காது. சாப்பாட்டு மேசை பாட்டன் காலத்தது. கதிரைகள் ஆடும். துவாய்களின் ஓரம் நைந்து நூல் தொங்கும். முதல் மாதம், பாவம், கையில் காசில்லாத சனம் என்றுகூட இரக்கப்பட்டேன். பிறகு நிலவறையைத் துடைக்கப் போன நாளில் சுவர் நிறைய வைன் போத்தல்கள் படுத்திருப்பதைக் கண்டேன். பேச்சுவாக்கில் மனைவி சொன்னார்: வீட்டுக்குக் கடன் இல்லை, கொம்பனிக்குக் கடன் இல்லை, பக்கத்து ஊரில் வாடகைக்கு விட்ட வீடு இரண்டு இருக்கிறதாம். தன்னிடம் இருப்பதை யாருக்கும் காட்டத் தேவையில்லாத மனிதனால்தான் நைந்த துவாயில் முகம் துடைக்க முடியும். எனக்கு அது ஊறுகாய்ப் பெட்டியையும் சான்றிதழையும்விடக் கூடுதல் எரிச்சலைத் தந்தது. எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் நான் முதலில் ஒளிப்பது பழைய துவாயைத்தான்.

வேலை முடிந்து வந்ததும் கணவருக்குச் சோற்றோடு செய்தியையும் பரிமாறுவேன். அவர் பொதிகள் அனுப்பும் கிடங்கு ஒன்றில் விடிய வேலைக்குப் போய் மத்தியானம் வந்துவிடுவார். சோற்றைக் குழைத்தபடி கேட்பார்.

“இண்டைக்கு ஆர் முன்னுக்கு நிக்கினம்? கொரியாவோ, எல்சாஸோ?”

“கொரியா. பிள்ளையளுக்கு வயலின் ரீச்சர் வீட்டை வந்து படிப்பிக்கிறாவாம்.”

“போன கிழமை எல்சாஸ் எண்டீர்?”

“அது போன கிழமை. அவை பனியிலை சறுக்க ஒஸ்ரியாவுக்குப் போகினம் எண்டபடியால் சொன்னனான்.”

“நீர் உங்கை துடைக்கப் போறீரோ, இல்லாட்டிப் புலனாய்வுக்குப் போறீரோ?”

சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. இரண்டு பேரிலும் யார் மேல் கூடுதல் கோபம் என்று கேட்டால், கொரியாக்காரி மேல்தான். எல்சாஸ்காரரை விட்டுவிடலாம். அவர் முகம் இந்த ஊர் முகம். அவருடைய பாட்டன் வந்து இறங்கிய மறுநாளே பக்கத்து வீட்டுக்காரனோடு அவன் மொழியிலேயே சண்டை பிடித்திருப்பார். ஆனால் கொரியாக்காரி அப்படியல்லவே. வாசலில் சப்பாத்தைக் கழற்றுகிறாள். காலையிலும் சோறு தின்கிறாள். தாய் வந்தால் எழுந்து நிற்கிறாள். எங்களைப் போலவே இருந்துகொண்டு எங்களைவிட ஏறிப் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஒரு செவ்வாய்க்கிழமை அவளுடைய தாய் வந்திருந்தார். என்னைச் சமையலறையில் இருத்தி, பேரிக்காய் மாதிரியான பெயாஸ் பழத்தைத் தோல் சீவி, ஒரு தட்டில் அடுக்கி முன்னால் வைத்தார். தான் வந்த கதையை அவராகவே சொன்னார். கையில் மூன்று வருட ஒப்பந்தத்தோடு விமானம் ஏறினாராம். இறங்கியபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து நின்றதாம். கட்டில், சீருடை, மொழி வகுப்பு எல்லாம் தயார். மறுகிழமை வேலை, மாத முடிவில் சம்பளம். அழுதேன், வீட்டை நினைத்து நினைத்து அழுதேன் என்றார். நான் பழத்தைத் தின்றுகொண்டு மனதுக்குள் என் கதையை ஓட்டிப் பார்த்தேன். ஏஜென்சிக்காரன், கிழக்கு பெர்லின், ரயில், அகதி முகாம். பிறகு, “இருக்கலாம், ஆனால் வேலை செய்யக்கூடாது, இந்த மாவட்டத்தைவிட்டு வெளியே போகக்கூடாது” என்று எழுதிய ஒரு கடதாசி. அந்தக் கடதாசியை மூன்று மாதத்துக்கொருமுறை புதுப்பித்துப் புதுப்பித்து ஆறு வருடம். அவருக்குச் சம்பளம் தொடங்கியது இறங்கிய மாதத்தில். எனக்கு ஏழாம் வருடத்தில்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். என் எரிச்சலுக்கு நியாயம் கிடைத்துவிட்டதே! அவர்கள் முன்னுக்கு வந்தது கெட்டித்தனத்தால் மட்டும் இல்லை, கடதாசியாலும்தான் என்று கணவருக்கு விளக்கி விளக்கிச் சொன்னேன். “சரி, நியாயம் கிடைச்சிட்டுது. இனி வயிறு ஆறிச்சுதோ?” என்று கேட்டார். ஆறவில்லை. கூடத்தான் எரிந்தது.

எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை. ஒன்றில் நாங்கள், மற்றதில் தொலைக்காட்சி, சாமிப் படங்கள், விருந்தாளிகள், மகள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது, நன்றாகப் படிக்கிற பிள்ளை. சனி ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில் ஆட்கள் குறையாது. அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய், தொட்டியின் ஓரத்தில் இருந்து படிப்பாள். யாராவது கதவைத் தட்டினால் எழுந்து வந்து நிற்பாள். உனக்கு என்ன வேணும் என்று பிறந்தநாளுக்கு ஒருமுறை கேட்டேன். “பூட்டக்கூடிய ஒரு கதவு, அம்மா” என்றாள். கேலியாகச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த வருடப் பனிக்காலத்தில் நடுவீட்டு மூதாட்டி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். மகன் தூரத்தில், மியூனிக்கில் இருந்தான். தரகர் வேண்டாம், அக்கம்பக்கத்தாருக்குப் பிடித்த நல்ல குடும்பமாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று எல்சாஸ்காரரிடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனானாம். ஒரு வெள்ளிக்கிழமை எல்சாஸ்காரர் என்னிடம் சொன்னார், “நீங்கள் ஏன் வாங்கக்கூடாது? பழைய வீடு, விலை நியாயம். வெப்பமூட்டியை நான் பார்த்துத் தருகிறேன்.” என் கையில் துடைப்பம் இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

திறப்பை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். மேலே மூன்று அறை. தோட்டப் பக்கத்துச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். திறந்தேன், மறுபடியும் சாத்தினேன். இது மகளுக்கு என்று முடிவு செய்துவிட்டேன். இனிக் கொரியாக்காரி இடப்பக்கம், எல்சாஸ்காரர் வலப்பக்கம், நான் நடுவில். அந்த நினைப்பே எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது.

வங்கியில் எங்கள் கைக்காசாக ஒரு பங்கு கேட்டார்கள். எங்களிடம் அதில் பாதிக்குச் சற்றுக் கூடத்தான் இருந்தது. அந்த நேரத்தில்தான் என் மூளை வேலை செய்தது. மகள் பெரியபிள்ளையாகி நாலைந்து மாதம் ஆகியிருந்தது, சாமத்தியவீடு இன்னும் செய்யவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாக நாங்கள் கொலோன், டோர்ட்முண்ட், பாரிஸ் என்று அலைந்து ஊரார் வீட்டுச் சாமத்தியவீடுகளிலும் கலியாணங்களிலும் காசு வைத்து நீட்டிய என்வலப்புகள் கொஞ்சமா? நாங்கள் ஒன்று செய்தால்தானே அவை திரும்பி வரும்!

“அப்ப சின்னனாச் செய்வம்,” என்றார் கணவர். “வீட்டோடை, ஒரு அம்பது பேரோடை.”

“சின்னனாச் செய்தால் சின்ன என்வலப்தான் வரும்.”

“உதென்ன விசர்க் கதை? காசு தேவை எண்டுறீர், பிறகு காசைக் கொட்டுவம் எண்டுறீர்?”

“இஞ்சேருங்கோ, உங்கடை அக்கா மூண்டு பெட்டையளுக்கும் எப்பிடிச் செய்தவ? அந்தளவுக்குச் செய்தால்தான் அந்தளவுக்கு வரும். ஆக்கள் மண்டபத்தைப் பாத்துத்தான் என்வலப்புக்குள்ளை வைப்பினம்.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் சம்மதித்தார். மியூனிக்கிலிருந்த மகனும் கோடை முடியும்வரை பொறுக்கிறேன் என்று எல்சாஸ்காரர் மூலமாகச் சொல்லியனுப்பினான்.

நான் கொரியாக்காரிக்கும் எல்சாஸ்காரருக்கும் அழைப்பிதழ் கொடுத்தேன். கணவரிடம் மரியாதைக்காக என்றேன். மரியாதையும் இல்லை, மண்ணும் இல்லை. மூன்று வருடமாக நான் அவர்கள் வீட்டைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். ஒருநாள், ஒரேயொரு நாள், அவர்கள் என்னைப் பார்த்து எரியட்டும் என்றுதான் கூப்பிட்டேன்.

ஆடிக்கு முன் ஒரு சனிக்கிழமை. மண்டபத்துக்குள் முந்நூறு பேர். பாரிஸிலிருந்து வந்த மணவறை, லண்டனிலிருந்து வந்த வீடியோக்காரன், மாமன்மார் நாலு பேர் பல்லக்கில் மகளைத் தூக்கி வந்தார்கள். அவள் முகத்தில் பூசிய பூச்சுக்குள் என் பிள்ளையை நானே தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பயற்றம் பணியாரமும் அரியதரமும் தட்டுத் தட்டாக அடுக்கி, பெண்கள் வரிசையில் வந்து ஆலாத்தி எடுத்தார்கள். என்வலப் பெட்டியைக் கணவரின் தம்பி காவல் காத்தார். நான் அரக்குப் பட்டில் மண்டபத்தின் குறுக்கும் மறுக்கும் நடந்தேன். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சந்தோஷப் புழுகத்தில் நான் நடந்ததில்லை.

எல்சாஸ்காரரும் மனைவியும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள்; நாங்கள் அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கு! மண்டபத்தில் அப்போது நாங்களும் கதிரைகளும்தான். மனைவி தன் கையால் சுட்ட, நடுவில் துளை விட்ட, சீனித்தூள் தூவிய கேக் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் குடும்பத்தில் விசேஷத்துக்கு அதைத்தான் சுடுவார்களாம். வீடியோக்காரன் அதை மணவறைக்குப் பக்கத்தில் வைக்க விடவில்லை. பாவம், அவர் அதை மடியில் வைத்துக்கொண்டே இரண்டு மணித்தியாலம் இருந்தார். கொரியாக்காரி பிந்தி வந்தாள். வெள்ளை என்வலப் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து, சற்றுக் குனிந்து தந்தாள். அட, இவளுக்கும் என்வலப் முறை தெரியுமா என்று திகைத்துப்போனேன். தாயின் அறுபதாம் பிறந்தநாளுக்குத் தங்களிடமும் இப்படித்தான் கொடுத்தார்கள், ஆனால் அன்றைக்கு வந்தது இருபது பேர் என்றாள். கண்ணை அகட்டி மணவறையைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள். பார், நன்றாகப் பார் என்று நான் கழுத்தை நிமிர்த்தினேன். அதில் பாதி இரவல் நகை.

இந்த இடத்தில் என் மச்சாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவரின் அக்கா. சொந்த வீடு, மூன்று குளியலறை. அந்த மூன்றையும் அவர் வாயால் சொல்லாத விசேஷம் ஐரோப்பாவிலேயே இல்லை. நான் வீடு துடைக்கப் போவது அவருக்குத் தெரியாது. மருந்துக்கடையில் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். முழுப் பொய்யும் இல்லை, மருந்துக்கடைக்காரியின் வீடுதானே. நடுவீட்டைப் பற்றி அவரிடம் மூச்சும் விடவில்லை. கண் பட்டுவிடும் என்று பயம்.

நானும் மகளும் மச்சாளும் படத்துக்கு நின்ற நேரத்தில் கொரியாக்காரி கிட்ட வந்தாள். ஜெர்மனில், மெதுவாக, என்னிடம் கேட்டாள்:

“ஒரு விஷயம். நடுவீட்டை என் தம்பியும் கேட்கிறான். நான் அவனை மறித்து வைத்திருக்கிறேன். நீங்கள் முதலில் கேட்டீர்கள், நீங்கள் வேண்டாம் என்றால்தான் அவன் என்று சொல்லிவிட்டேன். இன்னும் அந்த வீடு உங்களுக்கு வேண்டும்தானே?”

மச்சாள் ஜெர்மனியில் இருபது வருடம் இருந்தவர். எல்லாம் விளங்கும். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார், “என்னப்பா, வீடு வாங்கப் போறியளோ? எத்தினை குளியலறை?”

அந்த வீட்டில் ஒரே ஒரு குளியலறை. ஓடு பெயர்ந்தது.

கொரியாக்காரி என் பதிலுக்குக் காத்து நின்றாள், மச்சாள் காத்து நின்றார், சுற்றிலும் பட்டும் பூவும் மேளமும். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஜெர்மனில் சொன்னேன்: “ஐயோ, அந்தச் சின்ன வீடா? அது எங்களுக்குக் காணாது. நாங்கள் பெரிதாக ஒன்று பார்க்கிறோம். உங்கள் தம்பிக்கே கொடுங்கள்.”

“அப்படியா! மிகவும் சந்தோஷம். இதையெல்லாம் பார்த்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன்,” என்றாள் கொரியாக்காரி. மண்டபத்தை இன்னொருமுறை சுற்றிப் பார்த்தாள். “எங்களால் இப்படி ஒன்று செய்ய முடியாது” என்றாள். அவள் குரலில் நான் மூன்று வருடமாக ஆசைப்பட்ட அது இருந்தது. நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தேன்.

நீங்கள் என்னை விசரி என்று நினைக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் நான் வீட்டை விட்டுக்கொடுத்ததாக எனக்குத் தோன்றவேயில்லை. எங்கள் ஆட்களுக்கிடையில் முதல்முறை சொல்கிற வேண்டாமுக்கு அர்த்தம் கிடையாது. சாப்பிடுங்கோ என்றால் வேண்டாம் என்போம். மறுபடி கேட்டால் இப்பதான் சாப்பிட்டனாங்கள் என்போம். மூன்றாம்முறை கையைப் பிடித்து இழுத்தால் இருந்து வயிறு நிறையச் சாப்பிடுவோம். மூன்றுமுறை கேட்காதவன் மனதாரக் கேட்கவில்லை என்று அர்த்தம். இவளும் மச்சாள் இல்லாத இடத்தில் இன்னொருமுறை கேட்பாள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவளுடைய தாய் என்றால் கேட்டிருப்பார். எழும்ப எழும்பத் தட்டில் பழத்தைப் போட்ட மனுஷி. மகள் இங்கே பிறந்து வளர்ந்தவள். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை.

விசேஷம் நல்லபடி முடிந்தது. எல்லாச் செலவும் போக, வங்கி கேட்டதில் குறைந்த தொகை கையில் வந்துவிட்டது. என் மூளையைப் பற்றிக் கணவர் இரண்டு நாள் புகழ்ந்துகொண்டே திரிந்தார். திங்கட்கிழமை, வங்கியில் ஆளைச் சந்திக்க டெர்மின் எடுத்தார். வெள்ளி பின்னேரம் மூன்று மணிக்கு. மகள் அளவுநாடா கொண்டுவந்து, புது அறைக்கு மேசை எவ்வளவு நீளம் வாங்கலாம் என்று எங்கள் சுவரில் அளந்து பார்த்தாள். படத்துக்கு நின்றபோது அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். மேளச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை கொரியாக்காரி தடிமன் காய்ச்சலென்று வீட்டில் இருந்தாள். கடவுளே வழி விட்டார் என்று நினைத்தேன். அவள் இருந்த அறையையே மூன்றுமுறை துடைத்தேன். விழாவைப் பற்றிச் சொன்னாள், மகளின் சேலையைப் பற்றிச் சொன்னாள், பலகாரத்தைப் பற்றிச் சொன்னாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “நான் அன்றைக்குச் சும்மா சொன்னேன், எனக்கு அந்த வீடு வேண்டும்.” இவ்வளவுதான் வசனம். ஜெர்மனில் எனக்கு அது நன்றாக வரும். வாளியில் தண்ணீர் மாற்றப் போகும்போது அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பாதிதானும் வெளியே வரவில்லை. சனிக்கிழமை பட்டுக் கட்டி நின்று வேண்டாம் என்றவள், செவ்வாய்க்கிழமை முழங்காலில் நின்று துடைத்துக்கொண்டு வேண்டும் என்று எப்படிக் கேட்பாள்? வெள்ளிக்கிழமை எல்சாஸ்காரரிடம் சொல்லிக்கொள்ளலாம், அவர் ஆண்பிள்ளை, இலேசாக எடுத்துக்கொள்வார் என்று நாளைக் கடத்தினேன்.

வெள்ளிக்கிழமை நான் வாய் திறக்க முதலே அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பெரிய வீடு பார்க்கிறீர்களாமே! எனக்கு ஏன் சொல்லவில்லை? பக்கத்தில் வருவீர்கள் என்று நானும் மனைவியும் ஆசைப்பட்டோம். சரி, நல்லது. தம்பிக்காரன் நேற்று மியூனிக்குக்குப் போய்ப் பேசி முடித்துவிட்டான். பத்திரம் எழுத நொத்தாரிஸிடம் நாளும் வைத்தாயிற்று.” பிறகு சற்றுத் தயங்கி, இனியும் நான் துப்புரவு வேலைக்கு வருவேனா, இல்லை வசதி வந்துவிட்டதால் விட்டுவிடுவேனா என்று கேட்டார். வருவேன் என்றேன். நன்றி என்றார்.

அன்றைக்கு அவர் வீட்டை எப்படித் துடைத்தேன் என்று தெரியாது. துடைத்து முடித்து, பஸ் ஏறி, வீட்டுக்கு வந்தேன். கணவர் கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டு, ஃபைலை அக்குளில் வைத்தபடி வாசலில் நின்றார்.

“கெதியா உடுப்பை மாத்தும். மூண்டு மணிக்கு டெர்மின்.”

“போகத் தேவையில்லை,” என்றேன். “வீடு வேறை ஆளுக்குப் போட்டுது.”

“ஆருக்கு?”

“கொரியாக்காரியின்ரை தம்பிக்கு.”

கோட்டோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். பிறகு தொடங்கினார்.

“பாத்தீரோ! வந்து இருந்து வயிறுமுட்டத் திண்டுட்டு, சிரிச்சுச் சிரிச்சுக் கழுத்தறுத்துப் போட்டினம். ரெண்டு பேரும் சேந்துதான் செய்திருக்கினம். நடுவிலை ஒரு கறுப்பன் வந்து குந்தப்படாது, அதுதானே? எங்கடை தோல்தான் அவைக்குப் பிரச்சினை. சொல்லும், அதுதானே?”

“ஓம்,” என்றேன்.

“நான் இப்பவே போய் மூஞ்சைக்கு நேரை கேக்கிறன்.”

“வேண்டாம், போகாதேங்கோ. எனக்கு ரெண்டு வீட்டு வேலையும் போயிடும்.”

எழும்பினவர் மறுபடி இருந்தார். ஃபைலை மேசையில் வைத்தார். அவர் கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் மிகவும் மெதுவாக, ஒரு பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார், “நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?”

“நாங்கள் ஒரு பிழையும் விடேல்லை,” என்றேன்.

மகள் பாடசாலைப் பையோடு குளியலறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. “அப்பா,” என்றாள், “அவை அப்பிடிப்பட்ட ஆக்கள் இல்லை.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மேளச் சத்தத்திலும் அவளுக்குக் கேட்டிருந்தது. ஆறு நாளாக அவள் நான் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அளவுநாடாவால் சுவரை அளந்ததும் அதற்காகத்தான்.

“நீ சும்மா இரு, பிள்ளை,” என்றேன் நான். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. “நேற்றுப் பிறந்தனி. இந்தச் சனத்தைப் பற்றி உனக்கென்ன தெரியும்?”

அவள் ஒரே ஒரு வசனத்தில் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். தகப்பனைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள்.

“ஓம் அம்மா,” என்றாள். “எனக்கு ஒண்டும் தெரியாது.”